மக்காச்சோள லாரிக்கு வரிசைதான் பெரிய செலவு

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் ஒரு லாரி சட்டப்படி போகக்கூடிய மொத்த எடை 80,000 பவுண்ட். கிலோவில் 36,287. வண்டி, சரக்கு, டிரைவர், டீசல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா பக்கம் சொந்த வண்டி வைத்துத் தானியம் ஓட்டுகிறவர்களின் பிழைப்பு முழுக்க இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான். எண் மாறாது. ஆகவே வண்டியின் சொந்த எடையில் எவ்வளவு குறைக்கிறோமோ, அவ்வளவு தானியம் கூடுதலாக ஏறும்.

ட்ரெய்லரை இழுக்கும் முன்பக்க வண்டியான டிராக்டர், படுக்கை வசதி இல்லாத 'டே கேப்' என்றால் சுமார் 16,000 முதல் 17,000 பவுண்ட். அடியில் திறந்து கொட்டும் அலுமினிய ஹாப்பர் ட்ரெய்லர் 9,000 முதல் 10,000 வரை. இரண்டும் சேர்ந்து 26,500 என்று வைத்துக்கொண்டால் மீதி 53,500 பவுண்ட் சரக்கு. தானியத்தை இங்கே புஷல் என்ற அலகில் அளக்கிறார்கள்; மக்காச்சோளத்தில் ஒரு புஷல் என்பது 56 பவுண்ட், அதாவது 25.4 கிலோ. கணக்குப் போட்டால் 955 புஷல். சோயாவும் கோதுமையும் புஷலுக்கு 60 பவுண்ட் என்பதால் அதே வண்டியில் 891 புஷல்தான். வாடகை பெரும்பாலும் புஷல் கணக்கில் தருவதால், படுக்கை அறையோடு 2,500 பவுண்ட் கூடுதல் எடை சுமக்கும் டிராக்டர் ஒவ்வொரு நடையிலும் 45 புஷல் வாடகையை இழக்கிறது. தினமும் வீடு திரும்புகிற ஓட்டத்துக்குப் படுக்கை எதற்கு என்று இங்கே கேட்பது இதனால்தான்.

டீசல் டாங்கைக்கூட நிரப்பாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு காலன் டீசல் ஏறக்குறைய 7 பவுண்ட். 200 காலன் டாங்கில் பாதி மட்டும் வைத்தால் 700 பவுண்ட் மிச்சம். அது 12 புஷல். கஞ்சத்தனம் என்று தோன்றும். அறுவடைக் காலம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

டிம்ப்டி, வில்சன் இரண்டும்தான் இந்தத் தொழிலில் அதிகம் காதில் விழும் ட்ரெய்லர் பெயர்கள். ஒன்று நெப்ராஸ்காவின் டேவிட் சிட்டியில் தயாராவது, மற்றது அயோவாவின் சூ சிட்டியைச் சேர்ந்தது. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. நாற்பது அடிக்குச் சற்று மேலான அலுமினியப் பெட்டி. அடிப்பக்கம் தட்டையாக இராது. முன்னொன்று பின்னொன்றாக இரண்டு சரிவுக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பல்சக்கரத்தில் நகரும் ஒரு தட்டுக் கதவு, அதைத் திறக்கப் பக்கவாட்டில் ஒரு கிராங்க் கைப்பிடி. மேலே சுருட்டித் திறக்கும் தார்ப்பாய். டிப்பரைப் போல ஹைட்ராலிக் தூக்கல் கிடையாது. கதவைத் திறந்தால் தானியம் தன் எடையிலேயே கொட்டும். சாக்கு இல்லை, மூட்டை இல்லை, லோடுமேன் இல்லை. வயலிலிருந்து ஆலை வரை எல்லாம் தளர் தானியம்தான்.

ஏற்றுவது எளிது போலத் தெரியும். எடை தவறுவது அங்கேதான். மொத்தம் 80,000-க்குள் இருந்தால் மட்டும் போதாது. முன் அச்சுக்கு வழக்கமாக 12,000, டிராக்டரின் இரட்டை அச்சுக்கு 34,000, ட்ரெய்லரின் இரட்டை அச்சுக்கு 34,000. கூட்டினால் சரியாக 80,000. எங்கேயும் ஒரு பவுண்ட் இடம் மிச்சமில்லை. பெட்டி வண்டிகளில் பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைப் பிரிக்கலாம். ஹாப்பர் ட்ரெய்லரில் பின் அச்சு பொதுவாக நிலையானது. ட்ரெய்லரை மாட்டும் தட்டான ஃபிஃப்த் வீலை நகர்த்தினால் டிராக்டரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மட்டும் எடை மாறும். டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் இடையே சமன் செய்ய ஒரே வழி, முன் குழியில் எவ்வளவு, பின் குழியில் எவ்வளவு என்று ஏற்றும்போதே பார்ப்பது.

பண்ணையில் எடைமேடை இருப்பது அரிது. அதனால் ஏர் சஸ்பென்ஷனில் ஒரு காற்றழுத்த மானியை மாட்டிவிடுவார்கள். பாரம் ஏற ஏற காற்றுப் பையின் அழுத்தம் ஏறும். எத்தனை பி.எஸ்.ஐ. காட்டினால் 34,000 பவுண்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் எண் உதவாது. எடைமேடைக்குப் போகும்போதெல்லாம் மானி காட்டும் அழுத்தத்தையும் சீட்டில் வரும் அச்சு எடையையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால், சில லோடுகளிலேயே சொந்த அட்டவணை கிடைத்துவிடும். மானியைப் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பிரேக் விடுபட்டிருக்க வேண்டும். பிரேக் பிடித்தபடி பார்த்தால் சஸ்பென்ஷன் இறுகி நின்று தப்பாகக் காட்டும். வயலோரச் சரிவில் நிறுத்தி மானியை நம்பி ஏற்றியவர்தான் பெரும்பாலும் பின் அச்சில் 36,000 என்ற சீட்டோடு மாட்டுகிறார்.

பெட்டியில் எந்த மட்டம் வரை நிரம்பியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து எடையைச் சொல்வதும் ஆபத்து. புஷல் என்று காசு தருவது எடைக்கு. ஆனால் ஒரு புஷல் கொள்ளளவில் உண்மையில் எத்தனை பவுண்ட் நிற்கிறது என்பது, அதாவது டெஸ்ட் வெயிட், வயலுக்கு வயல் மாறும். நல்ல மக்காச்சோளம் 58 வரும், காய்ந்து நொந்த வருடத்துச் சரக்கு 52 வரும். நேற்று ஏற்றிய அதே கோடு வரை இன்றும் ஏற்றினால் ஐந்தாயிரம் பவுண்ட் கூடக்குறைய ஆகலாம். ஓட்ஸ் என்றால் புஷலுக்கு 32 பவுண்டுதான். எடை எட்டுவதற்கு வெகுமுன்னே பெட்டி நிரம்பிவிடும். ஓட்ஸுக்குப் புஷல் வாடகை பேசுகிறவர் இதை முதலில் நினைக்க வேண்டும்.

அறுவடைக் காலத்துக்கு மாநிலங்கள் கொஞ்சம் தளர்த்துவது உண்டு. அயோவாவில் பல வருடங்களாக ஆளுநர் இலையுதிர் காலத்தில் ஓர் ஆணை பிறப்பிக்கிறார். அது நடப்பில் இருக்கும்வரை தானியம், வைக்கோல் போன்றவற்றுக்குப் பெர்மிட் இல்லாமலே 90,000 பவுண்ட் வரை போகலாம். ஆனால் இன்டர்ஸ்டேட் சாலைக்கு அது செல்லாது, அச்சு வரம்பும் ஓரளவுக்கு மேல் தாண்டக்கூடாது, பாலத்தில் தனி எடைப் பலகை இருந்தால் அதுதான் கணக்கு. வசந்தத்தில் நிலைமை தலைகீழ். மின்னசோட்டா, டகோட்டா பக்கம் உறைந்த மண் இளகும்போது ஊர்ச் சாலைகளில் எடை வரம்பு இறங்கிவிடும். மின்னசோட்டாவின் மாவட்ட, ஊர்ச் சாலைகளில் வேறு பலகை இல்லையென்றால் அச்சுக்கு 5 டன்தான். அதனால் சரளைச் சாலைக்குள் இருக்கும் குதிர்களைக் கடுங்குளிரிலேயே காலி செய்யச் சொல்லி விவசாயிகள் அழைப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் வேலை இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி எலிவேட்டர். தானியத்தை வாங்கிச் சேமித்து ரயிலிலோ படகிலோ ஏற்றிவிடும் கிடங்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அங்கே நடப்பது இது: முதலில் பாரத்தோடு எடைமேடை. தார்ப்பாயைத் திறந்தால் மேலிருந்து ஒரு நீளக் குழாய் இறங்கித் தானியத்துக்குள் பல இடங்களில் குத்தி மாதிரி எடுக்கும். ஈரப்பதம் பார்ப்பார்கள், மக்காச்சோளத்துக்குப் பொதுவாக 15 சதவீதம், சோயாவுக்கு 13. அதற்கு மேல் போனால் உலர்த்தும் கூலியும் எடைக் கழிவும் பிடிப்பார்கள். பிறகு டெஸ்ட் வெயிட். பிறகு சல்லடை: மக்காச்சோளத்துக்கு 12/64 அங்குல வட்டத் துளை, அதன் வழியே கீழே விழுவதெல்லாம் நொய்யும் தூசும். இரண்டாம் தர மஞ்சள் மக்காச்சோளம் என்ற பெயர் கிடைக்க டெஸ்ட் வெயிட் 54-க்குக் குறையக்கூடாது, நொய்யும் அயல்பொருளும் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, சேதமான மணி 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முகர்ந்தும் பார்ப்பார்கள், பூசண நெடியோ புளிப்போ இருந்தால் தரம் போச்சு. உயிருள்ள கூன்வண்டு இரண்டு தென்பட்டாலே பூச்சி விழுந்த சரக்கு என்று எழுதிவிடலாம்.

கழிவெல்லாம் விவசாயி பாடு, வண்டிக்காரருக்கு என்ன என்று நினைக்கலாம். ஈரக் கழிவு வாடகையிலும் கைவைக்கும். 20 சதவீத ஈரத்தில் 53,500 பவுண்ட் ஏற்றிப் போனால் எடைமேடையில் 955 புஷல். 15 சதவீதத்துக்கு உலர்ந்தால் அது 50,353 பவுண்ட், 899 புஷல். தண்ணீராகப் போன 56 புஷலையும் சாலையில் இழுத்தது லாரிதான். வாடகை எடைமேடைப் புஷலுக்கா, கழிவு போன புஷலுக்கா என்று முதல் லோடுக்கு முன்பே பேசி, ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சீட்டு வந்தபின் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

லோடே திரும்பும் சந்தர்ப்பங்களும் உண்டு. மிகக் கொடியது விதைநேர்த்தி செய்த விதை. பூஞ்சைக்கொல்லி பூசி இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏற்றிய விதை சில மணிகள் மாதிரியில் கண்ணில் பட்டாலே முழு லோடையும் ஏற்க மாட்டார்கள். அது பெரும்பாலும் விதைப்புக் காலத்தில் விதை ஏற்றிய ஆகர் எனும் திருகுக் குழாயிலோ ட்ரெய்லரின் மூலையிலோ ஒட்டிக்கிடந்ததாக இருக்கும். வறட்சி வருடங்களில் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நச்சுக்கான சோதனை கூடும். மனித உணவுக்கும் பால் மாட்டுக்கும் போகும் மக்காச்சோளத்தில் வரம்பு 20 பி.பி.பி. (நூறு கோடியில் 20 பங்கு); கொழுக்க வைக்கும் இறைச்சி மாடுகளின் கடைசிக் கட்டத் தீவனத்துக்கு 300 வரை அனுமதி. ஆக ஓர் இடத்தில் திரும்பிய லோடு இன்னோர் இடத்தில் விலை குறைந்து இறங்கலாம். அந்தக் கூடுதல் மைலுக்கு யார் காசு தருவது என்பதையும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

மாதிரி தேறினால் இறக்கும் குழி. கம்பி வலை போட்ட குழிமேல் முன் ஹாப்பரை நேராக நிறுத்தி, கதவை முதலில் இரண்டு விரல் அளவுதான் திறக்க வேண்டும். புது ஆட்கள் முழுக்கத் திறந்துவிடுவார்கள். பெரிய கிடங்கில் தானியத்தை மேலேற்றும் தூக்கி மணிக்கு 15,000 புஷல் இழுத்தால் முழு லாரியும் நான்கு நிமிடத்தில் போய்விடும். பழைய ஊர்க் கிடங்கில் 5,000 என்றால் பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் ஆகும். வேகம் தெரியாமல் திறந்தால் குழி நிரம்பித் தானியம் கதவு மட்டம் வரை மேடாகிவிடும். குவியலுக்குள் புதைந்த கதவை மூட முடியாது. வண்டியை நகர்த்தினால் கதவின் தண்டவாளம் வளையும், தானியம் வலைக்கு வெளியே பரவும். பிறகு மண்வெட்டிதான், பின்னால் நிற்கும் பத்து வண்டிகளின் முறைப்பும்தான்.

முன் குழி காலியானதும் கதவை மூடி முன்னே நகர்ந்து பின் குழி. மூடுவதற்கு முன் கதவு ஓடும் தடத்தைத் துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். தடத்தில் நாலு மணி சிக்கினால் கதவு கடைசி அரை அங்குலம் மூடாது, அடுத்த லோடு சோயாவாக இருந்தால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். கிராங்கின் பூட்டு ஊசியையும் தள்ள மறக்கக்கூடாது. சாலை அதிர்வில் கதவு தானே நகர்ந்து திறந்த வண்டிகள் உண்டு.

சிக்கல் தருவது மக்காச்சோளம் அல்ல, அதன் துணைப்பொருள். எத்தனால் ஆலையில் ஒரு புஷல் அரைத்தால் 2.8 காலனுக்கு மேல் எத்தனாலும் சுமார் 15 முதல் 17 பவுண்ட் உலர் தீவனமும் கிடைக்கும். டி.டி.ஜி.எஸ். எனப்படும் அந்தத் தீவனம் உலர்த்தியிலிருந்து சூடாக வரும். வண்டியில் குலுங்கி அமுங்கி ஆறினால் கல்லாக இறுகும். அதை ஏற்றி இரவு முழுக்க நிறுத்திவைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. இறங்காவிட்டால் ரப்பர் சுத்தியலால் சரிவுத் தகட்டைத் தட்டலாம். இரும்புச் சுத்தியல் அலுமினியத்தைக் குழியாக்கும், அந்தக் குழியில் அடுத்த லோடு ஒட்டும். அதிர்வி பொருத்திய ட்ரெய்லர்கள் இதற்கென்றே இருக்கின்றன. மேலிருந்து நீளக் கம்பால் குத்தலாம்.

உள்ளே இறங்கக் கூடாது. கதவு திறந்திருக்கும்போது ஹாப்பருக்குள் கால் வைத்தால், ஓடும் தானியம் சில நொடிகளில் ஆளை இழுக்கும். இடுப்பளவு புதைந்தவரை வெறும் கையால் வெளியே இழுக்க முடியாது. சுற்றியுள்ள தானியம் இறுக்கிப் பிடிப்பதால், இழுக்கத் தேவையான விசை உடலின் எடையை வெகுவாகத் தாண்டும். மேலே பாலம் கட்டி நிற்கும் சரக்கு காலடியில் சரிவதும் அப்படியே. பர்டூ பல்கலைக்கழகம் இத்தகைய விபத்துகளை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுகிறது. பெரும்பாலானவை சேமிப்புக் குதிர்களில் நடப்பவை என்றாலும் ட்ரெய்லர்களும் வண்டிகளும் அந்தப் பட்டியலில் வருகின்றன. 'ஒரு நிமிடம், ஒரு உதை விட்டால் இறங்கிவிடும்' என்று ஏறுவதுதான் வழக்கமான ஆரம்பம்.

திரும்பும் லோடு கிடைத்தால் பாக்கியம். பொட்டாஷ், யூரியா, சாலை உப்பு எல்லாம் ஹாப்பரில் வரும். வாடகை ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உப்பும் பொட்டாஷும் அலுமினியத்தை அரிக்கும். ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பினால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அதே நாளில் கழுவ வேண்டும், கழுவிய சீட்டை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். தீவன ஆலைகள் முந்தைய சரக்கு என்ன என்று கேட்கும். சில இடங்களில் கடைசி மூன்று லோடு. 1997-இல் மாட்டுத் தீவனத்தில் பாலூட்டிகளின் புரதத்துக்குத் தடை வந்தபின், இறைச்சி எலும்புத் தூள் ஏற்றிய வண்டி என்றாலே வாசலில் கேள்வி நீளும். ஒரு முறை கிடைக்கும் வாடகைக்காக அதை ஏற்றாமல் இருப்பதே என் கணக்கில் லாபம்.

இப்போது இறக்கக் காத்து நிற்கும் வரிசையின் கணக்கு. 60 மைல் தூரத்து எத்தனால் ஆலைக்குப் புஷலுக்கு 25 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 950 புஷலுக்கு 237 டாலர் 50 சென்ட். போக வர 120 மைல், காலனுக்கு 6 மைல் என்றால் 20 காலன். காலன் 4 டாலர் என்று போட்டால் 80. டீசல் போக நடைக்கு 157 டாலர் 50 சென்ட். ஏற்ற, ஓட்ட, இறக்க மூன்று மணி நேரம் என்றால் 12 மணி நேரத்தில் நான்கு நடை, 630 டாலர். ஒவ்வொரு நடைக்கும் வரிசையில் இரண்டு மணி நேரம் சேர்ந்தால் இரண்டே நடை; 315 டாலர். தவணை, இன்ஷூரன்ஸ், டயர், டிரைவர் சம்பளம் எல்லாம் இதிலிருந்து. தவணைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் எத்தனை நடை போனோம் என்று கவலை கிடையாது. காத்திருப்புக் கூலி தானிய ஓட்டத்தில் அபூர்வம். எந்தக் கிடங்கு காலை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எங்கே இரண்டு குழி, எங்கே முன்பதிவு நேரம், எந்த ஆலை மதியம் மாதிரிக்கூடத்தை மூடுகிறது என்று தெரிந்தவர், வாடகையில் இரண்டு சென்ட் கூடப் பேசியவரைவிட அதிகம் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அக்டோபரில் வரிசை நீள்வதற்குக் கிடங்கு மட்டும் காரணமல்ல. 2022, 2023 இலையுதிர் காலங்களில் மிசிசிப்பியில் நீர்மட்டம் இறங்கியபோது படகுகளில் பாரத்தைக் குறைத்தார்கள். ஆற்றங்கரைக் கிடங்குகள் நிரம்பின. ஒரு படகு சுமார் 52,500 புஷல் எடுக்கும், அதாவது ஐம்பதுக்கு மேற்பட்ட லாரி. படகு நின்றால் பின்னால் எத்தனை வண்டி நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நேரச் சட்டத்தில் தானியத்துக்கு ஒரு சலுகை. பொதுவாக 14 மணி நேரச் சாளரத்தில் 11 மணி நேரம் ஓட்டலாம், எட்டு நாளில் மொத்தப் பணிநேரம் 70 மணி வரை. மாநிலம் அறிவித்த விதைப்பு, அறுவடைக் காலத்தில், சரக்கு ஏற்றிய இடத்திலிருந்து 150 ஏர் மைல், அதாவது சுமார் 172 சாதாரண மைல் சுற்றுவட்டத்துக்குள் இந்தக் கணக்கு ஓடாது. அந்த வட்டத்தைத் தாண்டிய நொடியிலிருந்து ஓடும். களைப்புக்கு இந்தச் சலுகை தெரியாது என்பது வேறு விஷயம். பதப்படுத்தாத தானியத்தை மட்டும் ஓட்டுகிறவருக்கு வாடகைக்குச் சரக்கு ஓட்டும் மத்திய அரசின் எம்.சி. உரிமம் தேவையில்லை, ஆனால் மாநிலம் தாண்டினால் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. எண் வேண்டும், 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும், மூன்று மாதத்துக்கொரு முறை எரிபொருள் வரிக் கணக்கு, வருடத்துக்கு 550 டாலர் கனரக வாகன வரி.

பழைய ஹாப்பர் வாங்குகிறவர் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம், அடியில் படுக்க வேண்டும். சஸ்பென்ஷன் தாங்கிகள் சட்டத்தோடு சேரும் வெல்டிங்கிலும் டிராக்டரில் மாட்டும் முளையான கிங்பின்னின் தட்டைச் சுற்றியும் மயிரிழை விரிசல் தேட வேண்டும். அலுமினிய வெல்டிங் எல்லாப் பட்டறையும் செய்யும் வேலையல்ல. உள்ளே சரிவுத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தால் தானியம் உரசி மெலிந்த இடம் சத்தத்தில் தெரியும். கதவின் பல்சட்டத்தில் உடைந்த பல், தார்ப்பாய்க் குழாயின் வளைவு, கிராங்க் மூட்டின் ஆட்டம், விளக்கு ஒயர் இணைப்பில் பச்சை பூத்த செம்பு ஆகியவையும் விலை பேச உதவும். முந்தைய உரிமையாளர் உரமோ உப்போ ஓட்டினாரா என்று கேட்டுப் பயனில்லை, ரிவெட்டுகளே சொல்லும்.